‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழாக்காலம் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் வெளியிடும் சமையல் இணைப்பை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்து, பிடித்த பக்கங்களை வெட்டியெடுத்து ஒட்டி வைத்திருக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துச் செய்த பண்டங்கள் சில எங்கள் வீட்டு விழா நாள்களில் நிலையான இடம் பிடித்துவிட்டன. அதற்கு முதலில் என் நன்றி. ஆயினும், அந்தக் குறிப்புகள் எழுதப்படும் முறையைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘உப்பு தேவையான அளவு’, ‘தண்ணீர் தேவையான அளவு’, ‘பதம் வந்ததும் இறக்கவும்’, ‘பொன்னிறமானதும் எடுக்கவும்’ என்னும் தொடர்கள் ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளிலும் வருகின்றன. சமைத்துப் பழகியவருக்கு இவை போதும். ஆனால், ஆண்டில் ஒரு நாள் மட்டும் வீட்டின் பழைய பண்டத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு அடுப்படிக்குள் நுழையும் மகனுக்கோ மருமகளுக்கோ பேத்திக்கோ இவை எதையும் சொல்வதில்லை. குடும்பங்களில் கைமாறி வந்த விழா உணவுகள் மறைந்துபோவதற்கு நேரமின்மையையும் கடையில் எளிதாகக் கிடைக்கும் பண்டங்களையும் காரணம் காட்டுகிறோம். நான் கண்டவரையில், எழுதி வைத்த குறிப்பு உரிய நேரத்தில் கைகொடுக்காமல் போவதும் அதே அளவுக்குப் பெரிய காரணம்.

எங்கள் குடும்பத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, விழாவுக்கு முந்தைய இரவில் மட்டும் செய்யப்படும் ஓர் இனிப்பு உண்டு. வறுத்த மாவைச் சர்க்கரைப் பாகில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, சூடு முழுவதும் ஆறுவதற்குள் வில்லைகளாக வெட்டுவது. எண்ணிப் பார்த்தால் மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் இல்லை. அதைச் செய்துவந்தவர் என் பெரியம்மா. அவர் மறைந்த பின் வந்த முதல் விழாவுக்கு, அவருடைய கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானும் என் தங்கையும் அடுப்பைப் பற்றவைத்தோம். அந்தப் பக்கத்தில் இருந்தவை ஐந்தே வரிகள்: மாவு ஐந்து பிடி, சர்க்கரை அதற்குத் தக்கபடி, பாகு பதம் பார்த்து மாவைக் கொட்டவும், கைவிடாமல் கிளறவும், சுருண்டு வரும்போது இறக்கவும். முதல் முறை செய்தது கல்லாக இறுகி, கத்தி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் முறை செய்தது விடிய விடிய ஆறவிட்டும் கூழாகவே கிடந்தது. மூன்றாம் முறைக்கு மாவு மிச்சம் இல்லை. மறுநாள் எல்லோரும் கூடியபோது அந்த இனிப்பை வைக்கும் தட்டு மட்டும் மேசைக்கு வரவில்லை. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த விழாவுக்குள் நான் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டேன். பெரியம்மாவின் பண்டம் போய்விட்டது, அம்மாவின் பண்டங்களாவது போகக் கூடாது என்ற பதற்றமே அதற்குக் காரணம். அம்மா மாவு அள்ளும் பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்துவிட்டு, அவர் வேலையைக் குறுக்கிடாமல், ஒவ்வொரு பிடிக்கும் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். ஐந்து பிடிகளும் 58 கிராமுக்கும் 63 கிராமுக்கும் இடையிலேயே இருந்தன. அதே மாவை என் கையால் ஐந்து முறை அள்ளிப் பார்த்தேன். மிகக் குறைந்தது 74 கிராம், மிக அதிகம் 91 கிராம். பெரியவர்கள் ‘கண்திட்டம்’ என்று சொல்வதை நாம் குத்துமதிப்பு என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அது ஆண்டுக்கணக்கில் பழகித் துல்லியமாகிவிட்ட உண்மையான அளவு. ஆனால் அந்த அளவுகோல் அந்த ஒரு கையில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கை ஓயும்போது அதுவும் ஓய்ந்துவிடுகிறது. பெரியம்மா ‘ஐந்து பிடி’ என்று எழுதியபோது மிகச் சரியாகவே எழுதியிருக்கிறார். அவருடைய ஒரு பிடி எத்தனை கிராம் என்பதை, அவர் இருக்கும்போதே அளந்து வைக்காமல் விட்டவர்கள் நாங்கள்.

இந்தக் குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமையல் குறிப்புகளுள் சில, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியத் தொகுப்பின் களிமண் பலகைகளில் இருக்கின்றன. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் ஆப்பு வடிவ எழுத்தில் பொறிக்கப்பட்டவை. இறைச்சி, வெங்காயம், பூண்டு என்று பொருள்களின் பெயர்கள் அவற்றில் வரிசையாக வருகின்றன. அளவுகளும் நேரங்களும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எழுதியவருக்கு அவை தெரிந்திருந்தன, எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. இன்று அவற்றைச் சமைத்துப் பார்க்க முயலும் அறிஞர்கள் ஊகத்தை நம்பியே அடுப்பை மூட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுச் சமையலுக்கும் நிலையான அளவு வேண்டும் என்று வற்புறுத்தி வெற்றி கண்டவர்களுள் முக்கியமானவர் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர். குவியலாக அள்ளாமல், கத்தியின் விளிம்பால் மேல்மட்டத்தை வழித்துவிட்டுக் கோப்பையையும் கரண்டியையும் அளக்கும் பழக்கத்தை, 1896இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் அமெரிக்க வீடுகளில் வேரூன்றச் செய்தது. அதற்கு முன்பு அங்கேயும் ‘அக்ரூட் கொட்டை அளவு வெண்ணெய்’ என்பது போன்ற கணக்குகளே வழங்கின.

கோப்பைக் கணக்கும் முழுத் தீர்வு ஆகாது என்பதைத் தங்கள் இணைப்பில் எழுதும் சமையல் கலைஞர்கள் அறிவார்கள். அமெரிக்கக் குறிப்பில் ஒரு கோப்பை என்றால் ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. ஒரே கோப்பையிலேயே கூட, சலித்துத் தளர்வாகத் தூவிய கோதுமை மாவு 120 கிராம் அளவில் நிற்க, அழுத்தி நிரப்பினால் 150 கிராமைத் தொடும். பொடி உப்பு ஒரு கரண்டிக்கும் கல் உப்பு ஒரு கரண்டிக்கும் உள்ள எடை வேறுபாடு, ஒரு பெரிய பாத்திர உணவையே கெடுத்துவிடப் போதுமானது. கிராம் ஒன்றுதான் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கிறது.

ஆனால் அளவைவிடக் கடினமானது பதம். விழாப் பண்டங்கள் அன்றாடச் சமையலிலிருந்து வேறுபடுவதே இங்கேதான். குழம்பில் சிறிது நீர் கூடினால் மேலும் கொதிக்கவிடலாம். பாகு ஒரு கணம் தவறினால் திருப்ப முடியாது. சர்க்கரைப் பாகு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிச் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூட அதன் கொதிநிலையும் ஏறுகிறது. ஆகவே, பாகின் வெப்பநிலையைப் பார்த்தால் அதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நீர் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கடல்மட்டத்தில் 106 முதல் 112 டிகிரி செல்சியஸ் வரை, விரல்களுக்கிடையே இழுத்தால் கம்பியாக நீளும் நிலை. 112 முதல் 116 வரை, குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும் நிலை; அப்போது பாகில் ஏறத்தாழ 85 விழுக்காடு சர்க்கரை. 121க்கு மேல் அந்த உருண்டை கெட்டிப்படுகிறது. 146ஐத் தாண்டினால் நீரில் விட்டதும் கண்ணாடிபோல் உடைகிறது. கூழுக்கும் கல்லுக்கும் இடையே இருப்பது பத்துப் பதினைந்து டிகிரிதான். அதிலும், தொடக்கத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் வெப்பநிலை, நீர் குறைந்த பிறகு விறுவிறுவென்று ஏறும். நாங்கள் இரண்டு முறை ஏமாந்ததும் இந்த இடத்தில்தான் என்று இப்போது எண்ணுகிறேன். பாகு ஆறும்போது தேவையின்றிக் கிளறினால் சர்க்கரை மணிமணியாகப் பூத்துவிடுவதும், சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி பிரிந்து அந்தப் பூத்தல் தடைபடுவதும் இதே வேதியியலின் தொடர்ச்சிகள்.

இவை எவற்றையும் அறியாமலேயே நம் பெரியவர்கள் இவை அனைத்தையும் செய்துவந்தார்கள் என்பதுதான் வியப்பு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒட்டிப் பார்ப்பது, கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விடுவது, குமிழிகள் சிறிதாக வேகமாக வெடிப்பதிலிருந்து பெரிதாக மெதுவாக வெடிப்பதாக மாறுவதைக் கவனிப்பது என ஒவ்வொன்றும் ஒரு கருவிதான். என் அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முதுகைக் காட்டி நின்று வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரும்பாமல், ‘எடுத்துவிடு’ என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், ‘சத்தம் அடங்கிவிட்டதே’ என்பதுதான் பதில். மாவில் உள்ள ஈரம் நீராவியாக வெளியேறும்போது எழுவதுதான் அந்தச் சலசலப்பு. ஈரம் தீரத் தீர ஓசை தணிகிறது. பொன்னிறம் என்று எழுதியிருந்தால் விளக்கொளிக்கு விளக்கொளி நிறம் மாறுபடும். ‘சலசலப்பு அடங்கியதும்’ என்று எழுதியிருந்தால் எவருக்கும் காது இருக்கிறது. எனவே, வெப்பமானி இல்லாத வீடுகளுக்கு எண்கள் பயன்படாது என்று யாரும் எண்ண வேண்டாம். எண்ணையும் எழுதலாம், விரலும் காதும் மூக்கும் சொல்வதையும் அதன் அருகிலேயே எழுதலாம். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

இன்னும் இரண்டு செய்திகள் எந்தக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. ஒன்று, இடத்தின் உயரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே வாழ்பவர், கடல்மட்டத்துக்குரிய பாகின் அளவை அப்படியே பின்பற்றினால் ஐந்து டிகிரி அதிகம் காய்ச்சிவிடுவார். முதலில் தம் அடுப்பில் வெறும் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் பாகின் கணக்கிலும் கழித்துக்கொண்டால் போதும். மற்றொன்று, பாத்திரத்தின் அகலம். பழைய விழாக் குறிப்புகள் இருபது, முப்பது பேர் கூடி உண்ட காலத்தவை. இன்று நான்கு பேருக்குச் செய்கிறோம். பொருள்களைக் கால்பங்காக்கிவிட்டு அதே அகன்ற பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால், பாகு மெல்லிய படலமாகப் பரந்து நீர் மளமளவென்று வற்றி, அரை மணி நேரத்தில் வர வேண்டிய பதம் சில நிமிடங்களில் வந்து, நாம் கரண்டியைத் தேடுவதற்குள் கடந்தும் விடுகிறது. ‘பாட்டி செய்ததுபோல் வரவில்லை’ என்று வருந்தும் பலருடைய வீட்டில் குற்றம் கைப்பக்குவத்தில் இருப்பதில்லை, பாத்திரத்தில் இருக்கிறது. எரிபொருளும் மாறிவிட்டது. விறகடுப்புக்கு எழுதிய ‘ஒரு நாழிகை’ இன்றைய மின்னடுப்புக்குப் பொருந்தாது. ஆகவே நேரத்தை மட்டும் எழுதிவிட்டால் போதாது. பாத்திரம் எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்த உலோகம், எந்த அடுப்பு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது குறிப்பு.

அளந்து சமைத்தால் கைமணம் போய்விடும் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுள் என் அம்மாவும் ஒருவர். ஆனால் அவருடைய பண்டங்களை எடையும் வெப்பநிலையும் குறித்துக்கொண்டு நான் செய்தபோது முதலில் திரும்பிப் பார்த்தவரும் அவர்தான். கண்ணாலும் காதாலும் வரும் செய்திகள் மூளையின் நடுவே உள்ள ஒரு நிலையத்தின் வழியே மேற்பகுதிக்குச் செல்ல, மணத்தின் செய்தி மட்டும் அவ்வழியே செல்லாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளை நேராகச் சென்றடைகிறது என்கிறார்கள் நரம்பியல் அறிஞர்கள். விழாவுக்கு முந்தைய இரவில் வீட்டில் பரவும் வறுத்த மாவின் மணம், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவை அப்படியே கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது அதனால்தான். அந்த மணம் திரும்ப எழ வேண்டுமானால் மாவு அதே அளவு வறுபட வேண்டும். அளவு கைமணத்துக்குப் பகையன்று. கைமணம் அடுத்த கைக்குச் சென்று சேர்வதற்கான வழி.

எழுதிவைப்பதற்கு எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு வரலாற்றுச் செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டில் உள்ள தெரேசின் என்னும் இடத்தில் நாஜிகள் அமைத்திருந்த முகாமில் அடைக்கப்பட்ட யூதப் பெண்கள், பசியில் வாடியபடியே, தம் வீட்டுச் சமையல் முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிக் கிடைத்த தாள்களில் எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான மினா பெக்தர், 1944இல் அங்கேயே இறப்பதற்கு முன், அந்தத் தாள்களைத் தம் மகளிடம் சேர்ப்பிக்கும்படி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். மகளின் முகவரி நண்பருக்குத் தெரியவில்லை. கைமாறிக் கைமாறி, 1969இல், நியூயார்க்கில் வாழ்ந்துவந்த மகளை அந்தக் கட்டு வந்தடைந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 1996இல் அது ஆங்கிலத்தில் நூலாகவும் வெளிவந்தது. உண்ண ஒன்றும் இல்லாத இடத்தில், விருந்துக்குரிய இனிப்புகளையும் அவற்றின் பொருள்களையும் அந்தப் பெண்கள் நினைவிலிருந்து எழுதினார்கள். பசியாலும் சோர்வாலும் சில குறிப்புகளில் பொருள்களும் படிநிலைகளும் விடுபட்டிருக்கின்றன. அந்த இடைவெளிகளைக் குறை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. எழுதுவதற்குத் தாளும் பேனாவும் கேட்பதற்கு ஆளும் இருக்கும் நம் வீடுகளில் ஏன் அந்த இடைவெளிகளை விடுகிறோம் என்றுதான் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எழுத்து ஒன்றே போதும் என்றும் நான் கூற வரவில்லை. 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட, தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளைக் காக்கும் உடன்படிக்கையின் கீழ், 2010 முதல் உணவு மரபுகளும் பட்டியலில் இடம்பெற்று வருகின்றன. 2013இல் தென் கொரியாவின் ‘கிம்ஜாங்’ சேர்க்கப்பட்டது. குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சி என்னும் காய்கறி ஊறுகாயைக் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் கூடியமர்ந்து செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. வசந்தத்தில் மீனையும் இறாலையும் உப்பிடுவது, கோடையில் கடலுப்பு வாங்கிவைப்பது, கோடை முடியும்போது மிளகாயைக் காயவைத்து அரைப்பது என்று ஆண்டு முழுவதும் அதற்கான ஆயத்தம் நடக்கிறது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட ஜப்பானிய உணவு மரபின் தலைப்பிலேயே புத்தாண்டுக் கொண்டாட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது. இவ்விரண்டிலும் காக்கப்படுவது உணவு மட்டுமன்று. அதைச் சேர்ந்து செய்வதும் கற்பிப்பதும்தான். பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு எந்த எண்ணும் முழுமையாகப் பயன்படாது.

சேர்ந்து செய்வது என்னும்போது, ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. விழாச் சமையல் மரபு என்று பெருமையாகப் பேசும் நாம், அதன் சுமையை வீட்டுக்கு ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவைத்தே அந்தப் பெருமையை அனுபவித்து வந்திருக்கிறோம். பெரியம்மா விழாவன்று எல்லோரும் உண்ட பிறகு, அடுப்படியில் தனியாக அமர்ந்து ஆறிப்போனதை உண்டதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். எனக்குக் கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. மாவு வறுக்க அரை மணி நேரம் கை ஓயாமல் கிளற வேண்டும் என்பதே, நான் கரண்டியைப் பிடித்த நாளில்தான் தெரிந்தது. அன்றே நானும் அவருக்கு அருகில் நின்றிருந்தால் நோட்டில் அந்த ஐந்து வரிகளுக்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. பையன்களையும் அடுப்படிக்குள் அழைத்து நிற்கவைத்து, எடை போடும் வேலையையாவது அவர்களிடம் கொடுக்க வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்குத் தராசில் எண் பார்ப்பது விளையாட்டு; அந்த விளையாட்டில் பண்டம் அதற்குச் சொந்தமாகிவிடுகிறது.

மரபு மாறக் கூடாது என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. நீரிழிவு வந்த அப்பாவுக்காக எங்கள் வீட்டில் சர்க்கரை குறைந்தது. ஓர் உறவுக்காரக் குழந்தைக்கு ஒவ்வாமை என்பதால் ஒரு பருப்பு விடுபட்டது. இத்தகைய மாற்றங்களே ஒரு குடும்பத்தின் வரலாறு. எந்த ஆண்டில், யாருக்காக, எது மாறியது என்று குறிப்பின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், பின்னால் வருபவர் பழையதையும் செய்யலாம், புதியதையும் செய்யலாம். கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறோமே என்று சிலர் கூறுவார்கள். நானும் பிடித்து வைத்திருக்கிறேன். கை எப்படிச் சுழல்கிறது, மாவு எப்படிச் சரிகிறது என்பதைக் காட்டுவதில் அதற்கு ஈடில்லை. அந்தப் பாத்திரத்தில் எத்தனை கிராம் இருக்கிறது, பாகு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது. படம் பிடிக்கும்போதே தராசின் எண்ணையும் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் அந்தக் குறையும் தீரும்.

இனி என் வேண்டுகோள். வரும் விழாக்கால இணைப்பிலிருந்து, குறிப்புகளில் எடையைக் கிராமிலும், நீரை மில்லிலிட்டரிலும், பாத்திரத்தின் அகலத்தைச் சென்டிமீட்டரிலும் கொடுக்குமாறும், பதம் என்று வரும் இடமெல்லாம் வெப்பநிலையையும், அதைக் கருவியின்றி அறியும் அடையாளத்தையும் சேர்க்குமாறும் தங்கள் சமையல் பகுதி எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதம் தவறினால் பண்டம் எப்படி ஆகும், அதைச் சரிசெய்ய வழி உண்டா என்ற ஒரு வரியும் இருந்தால் புதிதாகச் சமைப்பவருக்குப் பெருந்துணையாக இருக்கும். இடம் போதாது என்றால் குறிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். முப்பது குறிப்புகளில் ஒன்றும் சரியாக வராமல் போவதைவிட, ஆறு குறிப்புகள் ஆறு வீடுகளில் சரியாக வருவது மேல். மேலும், வாசகர்கள் தம் வீட்டின் மூத்தவர் ஒருவர் செய்யும் விழாப் பண்டத்தை எடையிட்டு, அளந்து, யாரிடமிருந்து வந்தது என்ற செய்தியோடு எழுதி அனுப்ப ஒரு பக்கம் ஒதுக்கினால், அந்தப் பக்கத்துக்காகவாவது பல வீடுகளில் தராசு அடுப்படிக்கு வரும்.

இக்கடிதத்துடன் அம்மாவின் பண்டங்கள் இரண்டைப் பற்றிய குறிப்பை அவ்வாறே எழுதி இணைத்திருக்கிறேன். தகுதியுடையதாகத் தோன்றினால் வெளியிடலாம். பெரியம்மாவின் இனிப்பை அனுப்பவில்லை, ஏனெனில் அது இன்னும் முடியவில்லை. ஒரு பிடியை 60 கிராம் என்று கொண்டு, பாகை வெவ்வேறு பதங்களில் இறக்கி, இதுவரை ஒன்பது முறை செய்திருக்கிறோம். சென்ற மாதம் 114 டிகிரியில் மாவைக் கொட்டிய தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்ட என் தங்கை, நெடுநேரம் பேசாமல் மென்றுவிட்டு, மாவு இன்னும் சிறிது நேரம் வறுபட்டிருக்க வேண்டும் என்றாள். எத்தனை நிமிடம் என்பதை இந்த விழாவுக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்